கவிழ்த்துப் போட்ட சைக்கிள்

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

குருவின் பெயர் தெய்வானை. திருப்பூரில் பழைய சைக்கிள் வாங்கி விற்கிறாள். பாதி வியாபாரம் கடையில், பாதி போனில். சீடர் குப்புராஜ், மூடிப்போன ஒரு நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். தொழில் கற்றுக்கொள்ள வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு தடவை அவளை 'குருவே' என்று கூப்பிட்டுப் பார்த்தார். "இன்னொருக்கா அப்படிச் சொன்னா ஸ்பேனர் பறக்கும்ணா" என்றாள். அன்றிலிருந்து அம்மிணிதான்.

முதல் மூன்று மாதம் ஒரே பாடம். எந்த சைக்கிள் வந்தாலும் முதலில் கவிழ்க்க வேண்டும். சீட்டும் ஹேண்டிலும் தரையில், சக்கரம் இரண்டும் வானத்தில். பளபளப்பெல்லாம் மேலேதான் இருக்கும். விரிசல், துரு, பற்றவைத்த தழும்பு, பெடலுக்கு அடியில் அடித்த நம்பர் எல்லாம் கீழே.

"மூஞ்சியப் பாக்காதீங்க. அடிவயித்தப் பாருங்க."

அவ்வளவுதான் சொல்லுவாள். மீதியெல்லாம் அவர் முதுகுவலியோடு கற்றுக்கொண்டது.

அன்றைக்குப் புதன்கிழமை. காலை பதினொன்றரை மணி. குப்புராஜ் ஒரு சக்கரத்துக்குக் காற்றடித்து முடித்துப் பம்பை மூலையில் கொண்டுபோய் வைத்தார். அங்கே பிரிட்ஜ் வைக்கிற ஸ்டாண்டு ஒன்று இருந்தது. கடையில் பிரிட்ஜ் கிடையாது. பம்பின் இடம் அதுதான்.

"அம்மிணி, போன்ல பேசறவன் நல்லவனா திருடனான்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

தெய்வானை செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"யாரு பேசறாங்க?"

அவர் போனை நீட்டினார். பழைய பொருள் விற்கிற விளம்பரம். பந்தய சைக்கிள். வெள்ளையில் சிவப்புக் கோடு. புதிதாக வாங்கினால் அறுபதாயிரத்துக்குக் குறையாது. இவன் இருபத்திரண்டாயிரம் சொல்கிறான்.

"பட்டாளத்துக்காரருங்க. வடக்க மாத்தலாயிருச்சாமா. அதுதான் வந்த விலைக்குத் தள்றாரு. பட்டாளத்து அடையாளக் கார்டு கூட அனுப்பிச்சிருக்காரு, பாருங்க. பதினோராயிரம் இப்பப் போட்டா சாயந்திரமே லாரில ஏத்திருவாராமா. சேலத்துல இன்னொருத்தர் கேட்டுட்டு இருக்காராம். பன்னண்டு மணி வரைக்குந்தான் எனக்கு நிறுத்தி வெக்க முடியுமுன்னாரு."

அந்த வெள்ளை சைக்கிள் விற்பதற்கு இல்லை. குப்புராஜின் மகள் தாரணிக்கு. பதினாறு வயது, சைக்கிள் பந்தயக்காரி. அவள் ஓட்டிக்கொண்டிருந்த கிளப் சைக்கிளை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். இன்று ஒரு மணிக்குள் பேர் கொடுக்க வேண்டும். மில்லில் கொடுத்த பணத்தில் மிச்சம் இருந்தது சரியாக இருபத்திரண்டாயிரம். அதற்கு மேல் குப்புராஜிடம் எதுவும் இல்லை.

"கவுத்துப் போட்டுப் படம் அனுப்பச் சொல்லுங்க" என்றாள் தெய்வானை.

அவர் டைப் அடித்தார். பதில் வரவில்லை, போனே வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன சார் இது? எல்லையில நிக்கிறவன் சார் நான். என்னையே சந்தேகப்படுறீங்களா?"

குப்புராஜுக்குக் காது மடல் சுட்டது. வாழ்நாளில் யாரையும் திருடன் என்று சொல்லாத மனிதர்.

"ஐயய்யோ, சந்தேகமெல்லாம் இல்லீங்க. எங்க கடையில ஒரு வழக்கமுங்க…"

"சேலத்துக்காரரு ஒரு கேள்வி கேக்கல சார். பணத்தை ரெடியா வச்சிருக்காரு. உங்க பொண்ணுக்குன்னு சொன்னீங்களேன்னுதான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி…"

"சரி, அனுப்புறேன். பன்னண்டு அடிச்சா நான் பொறுப்பில்ல."

போனை வைத்துவிட்டான். குப்புராஜ் தெய்வானையைக் கோபமாகப் பார்த்தார். குருவைக் கோபித்துக்கொள்ளக்கூடாது என்று எந்தச் சீடருக்கும் சட்டமில்லை.

"போச்சுங்க! உங்க கவுத்தற பாடத்தால வண்டி சேலத்துக்குப் போயிருச்சு."

அவள் எண்ணெய்ப் புட்டியை மூடினாள்.

போன் மறுபடியும் அடித்தது. தாரணி.

"அப்பா, கோச் கேக்கறாரு. பேரு குடுக்கட்டா?"

"அஞ்சு நிமிசம் கண்ணு."

மணி பதினொன்று ஐம்பது. அவர் கடை வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்தார். ஐம்பத்திரண்டு. ஐம்பத்துநான்கு. டிங் என்றது.

படம் வந்துவிட்டது. வெள்ளைச் சுவர். சீட்டும் ஹேண்டிலும் கீழே, சக்கரம் இரண்டும் மேலே. படத்தைச் சக்கரத்தை ஒட்டி வெட்டியிருந்தான். சிவப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

"பாத்தீங்களா! கவுத்துப் போட்டுட்டாருங்க! நாமதான் ஒரு நல்ல மனுசன நோகடிச்சுட்டோம்."

அவர் போனை அவள் பக்கம் காட்டிவிட்டு, பணம் அனுப்பும் இடத்தைத் திறந்து பதினோராயிரம் என்று போட்டார். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். ரகசிய எண்ணைத் தப்பாக அடித்தார். மறுபடியும் கேட்டது.

"அண்ணா, படத்துல என்ன தெரியுது?" என்றாள் தெய்வானை.

"சைக்கிளுங்க."

"வேற?"

"சக்கரம் ரெண்டும் மேல இருக்குது. நீங்க கேட்ட மாதிரியேதான்."

"வேற?"

"வேற என்னங்க இருக்குது! செவுரு. மணி அம்பத்தேழு ஆச்சு அம்மிணி!"

அவள் போனைப் பிடுங்கவில்லை. எழுந்தாள். ஆணியில் தொங்கிய அவருடைய சாப்பாட்டுப் பையை எடுத்து, காற்றடித்து நிறுத்திய சைக்கிளின் ஹேண்டிலில் மாட்டினாள்.

"கவுத்துங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனைக் கல்லாமேல் வைத்தார். எட்டு மாதப் பழக்கம், ஒரே தூக்கில் சைக்கிள் புரண்டது. பை நழுவித் தொப்பென்று விழுந்தது. தூக்குப்போசி மூடி கழன்று உருண்டது. சிமென்டுத் தரையெல்லாம் தயிர்ச்சோறு.

குப்புராஜ் சோற்றைப் பார்த்தார். பிறகு கல்லாமேல் இருந்த போனைப் பார்த்தார்.

படத்தில் சைக்கிளின் ஹேண்டிலில் ஒரு மஞ்சள் துணிப்பை மாட்டியிருந்தது. அது விழவில்லை. ஹேண்டிலிலிருந்து மேலே, வானத்தைப் பார்த்து நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். காலையில் அவன் விளம்பரத்தில் போட்டிருந்த அதே படம். அப்போதும் அந்தப் பை இருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது.

"அனுப்பிட்டீங்களா சார்?"

 குப்புராஜின் குரல் நடுங்கவில்லை.

"தம்பி, ஹேண்டில்ல ஒரு மஞ்சப்பை மாட்டியிருக்குது பாருங்க. அதைக் கழட்டிட்டு ஒருக்கா கவுத்துங்க. நான் காத்திருக்கறேன்."

 போன் துண்டானது. சற்று நேரத்தில் வாட்ஸ்ஆப்பில் அவன் பேருக்குப் பக்கத்தில் இருந்த, பட்டாளத்துச் சட்டை போட்ட முகமும் மறைந்து, அந்த இடத்தில் வெறும் சாம்பல் வட்டம் இருந்தது.

குப்புராஜ் தரையில் உட்கார்ந்து சோற்றை அள்ளினார். பணம் தப்பித்தது. அதில் அவருக்குச் சந்தோஷமே வரவில்லை. சைக்கிள் கைக்கு வந்து பறிபோனது போலத்தான் இருந்தது. கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை, கையெல்லாம் தயிர்.

கையைக் கழுவிவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"கண்ணு, பேரு குடுத்துரு."

"வண்டி கெடச்சிருச்சாப்பா?"

"இல்ல சாமி. இன்னும் கெடைக்கல."

"சரிப்பா" என்றாள். அந்தச் 'சரிப்பா'வில் அழுகை இருந்தது. அவருக்கும் அது கேட்டது.

தெய்வானை ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"பல்லடத்துல ஒண்ணு, காங்கேயத்துல ஒண்ணு இருக்குது. விலை கூடத்தான் சொல்றாங்க. நேர்ல போயிப் பேசலாம். பணம் உங்ககிட்டயே இருக்கட்டும். வாங்க."

அவர் எழுந்தார். செருப்பை மாட்டியவர் நின்றார்.

"மூணு மாசம் கவுத்தறதையே கத்துக்குடுத்தீங்க. அந்தப் பை எனக்கு ஏனுங்க தெரியல?"

"உங்களுக்கு அந்த வண்டி வேணும். எனக்கு வேண்டாம்."

குப்புராஜ் ஷட்டரைப் பாதி இழுத்தார். கை அப்படியே நின்றது.

"அப்ப, உங்களுக்கே ஒண்ணு வேணும்னு வந்துட்டா?"

தெய்வானை குனிந்து, பாதி ஷட்டருக்குக் கீழே கடைக்குள் கையைக் காட்டினாள்.

"அந்த மூலையில பம்பு எதுமேல இருக்குது?"

"பிரிட்ஜ் ஸ்டாண்டு மேலங்க."

"போன்ல படத்தப் பாத்து பிரிட்ஜுக்குப் பணம் போட்ட அன்னைக்கே வாங்கின ஸ்டாண்டு அது" என்றாள். "படத்த யாருகிட்டயும் காட்டல."