மூன்று நிமிட இருட்டு

"வேகமா ஓடணும், வாத்தியாரம்மா. பிராசஸர், ராம் ரெண்டையும் மாத்திக் குடுத்துடுங்க."

வைத்தியலிங்கம் பழைய லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதைச் செங்கொடியின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை மேசையில் வைத்தார்.

மன்னார்குடியில் முப்பத்தெட்டு வருடமாக ஜாதகம் கணிக்கிறவர். வயது அறுபத்தாறு. செங்கொடிக்கு முப்பதுகூட நிறையவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் பஞ்சாங்கக் கட்டோடு வந்தவருக்கு, பிறந்த தேதியைத் தட்டினால் கட்டம் வந்து விழுகிற வித்தையைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அவளுக்குப் பெயரிலேயே கட்சி இருக்கிறது. ஜோசியத்தில் காலணா நம்பிக்கை கிடையாது. அதனாலென்ன, கற்றுக்கொடுத்தவர் குருதான் என்று அன்றிலிருந்து வாத்தியாரம்மா என்றே கூப்பிடுகிறார்.

அவள் லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றினாள்.

"பிராசஸர் மாத்த முடியாது ஐயா. போர்டோட ஒட்டி வந்தது. ராம் வேணா கூட்டலாம்."

"கூட்டினா?"

"கட்டம் சட்டுனு வந்துடும்."

"நடுவுல திரை கறுத்துப் போவுதே?"

"போகாது."

"அப்ப அதைப் போட்டுடுங்க."

சொன்ன அவசரத்தில் அவர் குரல் பிசிறியது. செங்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் கறுக்குது?"

"மூணு நிமிஷம்."

"எட்டு வருஷமா பொறுத்தீங்க. இப்ப என்ன?"

"ஜனங்க காத்திருக்க மாட்டேங்கறாங்க."

"உங்ககிட்ட வர்றவங்க மூணு மணி நேரம் காத்திருப்பாங்க. வேற சொல்லுங்க."

அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். தெருவில் ஐஸ் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது.

"அதுல ஆள் தெரியுது" என்றார் வைத்தியலிங்கம்.

போன ஐப்பசியில் நீடாமங்கலத்திலிருந்து ஒருத்தி வந்தாள். கப்பல் வேலைக்குப் போன புருஷனிடமிருந்து தகவல் இல்லை. அவன் பிறந்த தேதியை இவர் தட்டினார். திரை கறுத்துக் கண்ணாடி மாதிரி ஆனது. அதில் இவர் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் இன்னொருவன் தெரிந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தார். சுவரும் காலண்டரும் இருந்தன. தரை காய்ந்து கிடந்தது.

நான்காம் நாள் அவளுக்குத் தகவல் வந்தது.

அதற்குப் பிறகு நாலு பேர். எல்லாரும் பேசாமல்தான் நின்றார்கள். தேடி வந்த சொந்தக்காரர்களை அவர்கள் பார்க்கவில்லை, வைத்தியலிங்கத்தைத்தான் பார்த்தார்கள். உயிரோடு இருப்பவர்களின் தேதியைத் தட்டினால் ஒருவரும் வருவதில்லை.

"அவங்களுக்குப் பயப்படுறீங்களா?" என்றாள் செங்கொடி. சிரிக்கவில்லை.

"இல்ல."

"பின்ன?"

"ஆவணி பதினொண்ணு போயிடுச்சு."

தன் வீட்டு ஜாதகத்தை ஜோசியர் தானே எடுக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு. இன்னொருவரிடம் கொடுத்துத்தான் பார்ப்பார்கள். ஆறு வருடத்துக்கு முன் மகன் மணிவாசகனுக்குப் பெண் நிச்சயமானபோது, நம்மைவிட யார் சரியாகப் பார்த்துவிடப் போகிறார்கள் என்ற மிதப்பில் வைத்தியலிங்கமே எடுத்துவிட்டார். முப்பத்துமூன்றாம் வயதில் ஆவணி பதினொன்றை அவன் தாண்டமாட்டான் என்று கட்டம் சொன்னது.

பொய் சொல்லாத ஜோசியர் என்று பேரெடுத்தவர். நேரே போய்ப் பெண் வீட்டாரிடம் சொன்னார்.

கல்யாணம் நின்றது. தாயில்லாப் பிள்ளை, இவர் கையால் சோறு தின்று வளர்ந்தவன், அன்று மாலையே திருப்பூருக்கு பஸ் ஏறினான். அதன்பின் ஒரு வார்த்தை பேச்சில்லை.

"இன்னைக்கு ஆவணி இருபத்தெட்டு" என்றார். "அவன் தேதியைத் தட்டிப் பாருன்னு கை துடிக்குது. தட்டினா கறுக்கும். கறுத்தா அவன் நிப்பானோன்னு இருக்கு. அதான் கறுக்காம பண்ணச் சொல்றேன்."

செங்கொடி கழற்றிய மூடியை அப்படியே திரும்ப மாட்டினாள். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்து உயிர்ப்பித்தாள்.

"தேதி சொல்லுங்க."

"வேணாம்மா."

அவள் விரல்களைக் கீபோர்டில் வைத்தாள். அவர் சொன்னார். அவள் தட்டினாள். எண்டரை அழுத்திவிட்டு விலகி, மேசையின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள்.

"உங்களுக்குப் பின்னால நான்கூட இல்ல. பாருங்க."

திரை கறுத்தது.

முகம் தெரிந்தது. அவருடையதுதான். பின்னால் சுவரில் வரிசையாகச் சார்ஜர் ஒயர்கள் தொங்கின. காற்றில்லை, அதில் ஒரு ஒயர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பிடரி முடி குத்திட்டது. யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. ஒயர் ஆடி ஆடி நின்றது.

யாரும் வரவில்லை.

மூன்று நிமிடம் கழித்துக் கட்டம் வந்து விழுந்தது. வைத்தியலிங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"இருக்கான்" என்றார். "ராம் வேணாம்மா. பழசே இருக்கட்டும். தினம் காலையில ஒரு தடவை பாத்துக்கறேன். எனக்கு அது போதும்."

"உங்க மகன் நம்பர் இருக்கா?"

"இருக்கு."

செங்கொடி மேசையில் கிடந்த அவருடைய போனை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"எடுக்கலன்னா?"

அவள் போனை இன்னும் ஒரு விரற்கடை தள்ளினாள்.

வைத்தியலிங்கம் எண்ணைத் தேடி அழுத்தினார். போனைக் காதில் வைத்தார். மனசு கேட்கவில்லை, மற்றக் கையால் எண்டரையும் தட்டிவிட்டார். திரை மறுபடி கறுக்கத் தொடங்கியது. அவர் குனிந்தார்.

செங்கொடி கையை நீட்டி லேப்டாப்பைச் சாத்தினாள்.

போனில் மணி அடித்தது. இரண்டாவது மணி. இப்போது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்று. முதுகுப் பக்கம் சில்லிட்டது. திரும்பாமல் இருப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. நான்கு. ஐந்து.

எடுத்தார்கள். தையல் மெஷின்களின் இரைச்சல் கேட்டது.

"சொல்லுங்க ஜோசியரே" என்றது குரல். "தேதி தாண்டிப் பதினேழு நாள் ஆச்சு."

வைத்தியலிங்கம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். செங்கொடி புது ராமை எடுத்து வைத்துக்கொண்டு, லேப்டாப்பைக் கவிழ்த்து, முதல் திருகாணியைக் கழற்றினாள்.

"ஜோசியர் இல்லப்பா" என்றார். "அப்பா பேசுறேன்."