பாசிப்ளி லீவு

"நாளைக்கு பிளஸ் டூ துணைத்தேர்வு சார். விட்டா ஒரு வருஷம் போச்சு. லீவு உண்டா இல்லையா?" பூவிழி ஐந்தாவது தடவையாகக் கேட்டாள். முப்பதே நாளில் ஊரையே இங்கிலீஷ் பேச வைக்கும் மையத்தில் போன் எடுப்பது அவள் வேலை.

"யூ கேன் பாசிப்ளி கோ," என்று வாரி வழங்கினார் முதலாளி ஞானராஜ். "சரின்னுதாம்மா அர்த்தம். போய் போனை எடு."

எடுத்தாள். சேர வந்த ஒன்பது பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"முப்பது நாள்ல யூ கேன் பாசிப்ளி ஸ்பீக், சார்," என்றாள் போனில்.

ஞானராஜ் பாய்ந்து வந்தார். "டெஃபனட்லி சொல்லுன்னு எத்தனை தடவை சொல்றது? பாசிப்ளின்னா நடந்தாலும் நடக்கும், நடக்காமலும் போகும்னு அர்த்தம். எவன் சேருவான்?"

"அப்போ என் லீவும் அப்படித்தானா சார்?"

ஒருவர் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்தார். மற்ற எட்டுப் பேரும் ஞானராஜையே பார்த்தார்கள்.

"யூ கேன் டெஃபனட்லி கோ," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "பரீட்சை முடிஞ்சதும் நேரா வந்து போனை எடு."

பரீட்சை முடிந்து மூன்று நாளாகிறது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.