தெரியலைன்னு போட்ட செய்தி

சிஷ்யருக்கு அம்பத்தேழு வயசு, குருவுக்கு முப்பத்திரண்டு. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க. கதைக்கு நடுவுல தொந்தரவு பண்ணக் கூடாது.

சிஷ்யர் பேரு துரைசிங்கம். வேலாயுதநல்லூர்ல 'கரிசல் தூது'ன்னு ஒரு காலைப் பத்திரிகை. நாலு பக்கம், அதுல ஒரு பக்கம் கண்ணீர் அஞ்சலி. அதுக்கு ஆசிரியர் இவரு. குரு பேரு மெஹருன்னிசா. பக்கத்து ஊர்ல செல்போன் கடை மாடியில உக்காந்து செய்தி வெப்சைட் நடத்துற பொண்ணு. ஒரு காலத்துல இவருகிட்டதான் வேலை கேட்டு வந்துச்சு. செல்போன்ல எழுதுறதெல்லாம் ஒரு பத்திரிகையாம்மான்னு கேட்டு, டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சாரு.

இப்ப முதலாளி கறாரா சொல்லிட்டாரு. வெறும் பேப்பரை வச்சு இனி வண்டி ஓடாது. தை முடியறதுக்குள்ள வெப்சைட்டை ஊர்ச்சனம் பாக்கணும், இல்லேன்னா ஆபீசுக்குப் பூட்டு.

பூட்டு விழ விடமாட்டேன், யார் கால்ல விழணும்னாலும் விழுறேன்னு கிளம்பிட்டாரு துரைசிங்கம். பஸ் ஏறி, மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்ன வேகத்தைப் பாத்து, மெஹர் முன்னெச்சரிக்கையா காலை உள்ள இழுத்துக்கிச்சு.

இங்க வர்றதுக்கு முன்னாடியே மனுஷன் தலையால தண்ணி குடிச்சும் பாத்துட்டாரு. பேப்பரை அப்படியே போட்டோ புடிச்சு வெப்சைட்ல போட்டாரு. படிக்கிறவன் ரெண்டு விரலால இழுத்து இழுத்து, விரல் தேஞ்சதுதான் மிச்சம். அப்புறம் நடிகை படமா போட்டாரு. மலேசியாவுல இருந்து, துபாய்ல இருந்தெல்லாம் வந்தாங்க. பாத்தாங்க, போயிட்டாங்க. வேலாயுதநல்லூர்ல ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல.

"வந்தவன் திரும்ப வர மாட்டேங்கிறான்மா. வர வைக்க என்ன வழி?"

"நாளைக்கு உங்க ஆபீசுக்கு வர்றேன் அண்ணாச்சி. அங்க வச்சுப் பேசுவோம்."

மறுநாள் காலைல வந்துச்சு. பாடம் எடுக்கும்னு புதுப் பேனாவோட உக்காந்திருந்தாரு துரைசிங்கம். அது கம்ப்யூட்டர் பக்கமே போகல. ஜன்னலோரமா நாற்காலியப் போட்டு, அவரு வேலை செய்யறதையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. மாப்பிள்ளை பாக்க வந்தவங்க முன்னாடி உக்காந்த மாதிரி அவருக்கு நெளிஞ்சுச்சு.

போன் அடிச்சுது. செக்கடித் தெருவுல இருந்து ஒரு அம்மா. குழாய்ல தண்ணி டீ கலர்ல வருதாம், நாத்தமும் அடிக்குதாம், புள்ளைக்குக் குடுக்கலாமா வேண்டாமான்னு கேட்டாங்க. துரைசிங்கம் முகத்துல பல்பு எரிஞ்சுது.

"காலைல பேப்பர்ல பாருங்கம்மா, விவரமா வரும்"னு சொல்லி வச்சுட்டாரு. உடனே ரிப்போர்ட்டர் பால்பாண்டியை வண்டியில விரட்டுனாரு. பால்பாண்டி போய்ப் பாத்துட்டு, செக்கடித் தெரு மட்டுமில்ல, கீழப்பேட்டை வரைக்கும் இதே கதைதான்னு போன்ல சொன்னாரு. மூச்சு விடாதேன்னு அவருக்கு உத்தரவு. எதிரிப் பத்திரிகைக்காரன் மோப்பம் புடிச்சிரக் கூடாதுல்ல. தலைப்பு கூட ரெடி: 'கலங்கிய குடிநீர், கலங்கும் மக்கள்.' சொல்லிப் பாத்து அவரே மயங்கிப் போனாரு.

மெஹர் எந்திரிச்சுப் போய், ஆபீஸ் குழாய்ல ஒரு தம்ளர் தண்ணி புடிச்சுட்டு வந்து அவரு முன்னால வச்சுச்சு. லேசா மஞ்சளாத்தான் இருந்துச்சு.

"களைச்சுப் போயிருக்கீங்க. குடிங்க அண்ணாச்சி."

"என்னம்மா இது, தண்ணி கெட்டுக் கெடக்குன்னு இப்பத்தானே அந்தம்மா சொன்னாங்க."

"ஆமால்ல. உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தப் புள்ளை காலைல வரைக்கும் தாகத்தோட இருக்கணுமா?"

துரைசிங்கம் தம்ளரையே பாத்தாரு. ஆனாலும் முப்பது வருசப் பத்திரிகைக்காரரு, லேசுல விடுவாரா. எல்லாத்தையும் இப்பவே வெப்சைட்ல கொட்டிட்டா நாளைக்குப் பேப்பரை எவன் வாங்குவான்னு கேட்டாரு.

"குடிக்காதீங்கன்னு இன்னிக்குச் சொல்லுங்க. ஏன் இப்படி ஆச்சு, யாரு கோட்டை விட்டாங்கன்னு நாளைக்கு எழுதுங்க."

நகராட்சி இன்ஜினியருக்குப் போன் போட்டாரு. பாக்குறோம் சார், பாக்குறோம் சார்னு சொல்லிட்டே அந்தாளு லைனைத் துண்டிச்சுட்டாரு. தொட்டியில கோளாறா, குழாய் ஒடைஞ்சு சாக்கடை கலந்துருச்சா, ஒண்ணும் புடிபடல. துரைசிங்கம் கையைக் கட்டிட்டு உக்காந்துட்டாரு. காரணம் என்னன்னு சொல்லாம ஒரு செய்தி இந்த ஆபீசை விட்டு வெளிய போனதே இல்ல.

"என்னத்தம்மா எழுத? பாதிதான் தெரியுது."

"அந்தப் பாதியை எழுதுங்க."

"மீதி?"

"தெரியலைன்னு எழுதுங்க."

கண்ணாடியக் கழட்டித் தொடைச்சு மாட்டுனாரு. ஒத்தை விரல்ல தட்டுனாரு. எந்தெந்தத் தெருவுல தண்ணி கலங்கி வருது, பால்பாண்டி நேர்ல என்ன பாத்தாரு, இன்ஜினியர் என்ன சொன்னாரு, யாரும் இப்போதைக்குக் குடிக்க வேண்டாம். அடுத்த வரியில 'காரணம் இன்னும் தெரியவில்லை'ன்னு அடிச்சாரு. அழிச்சாரு. மறுபடி அடிச்சாரு. மறுபடி அழிக்கப் போன விரல் அந்தரத்துல நின்னுச்சு. மெஹர் ஜன்னல் வழியா ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு செய்தியைப் போட்டுட்டாரு.

போட்ட கையோட, காரணத்தைக் கையில புடிக்காம வீட்டுக்குப் போறதில்லன்னு சட்டையை மடிச்சு விட்டாரு. தண்ணித் தொட்டிக்கே போய் ஏறிப் பாக்கப் போறேன்னு வண்டிச் சாவியை எடுத்தாரு. வாசப்படி தாண்டல, போன் அடிச்சுது.

அதே செக்கடித் தெரு அம்மா. வெப்சைட்ல பாத்தாங்களாம். தெருவுல எல்லாருக்கும் செல்போன்ல அனுப்பிட்டாங்களாம். புள்ளைக்கு வெளிய கேன் தண்ணி வாங்கிக் குடுத்தாச்சாம். காரணம் தெரியலைன்னு போட்டிருக்கீங்களே சார், எப்பத் தெரியும்னு கேட்டாங்க.

துரைசிங்கம் போன் வாயைப் பொத்திக்கிட்டு மெஹர் பக்கம் திரும்பினாரு. முகம் செவந்து கெடந்துச்சு.

"பாத்தியாம்மா. எப்பத் தெரியும்னு கேக்குறாங்க. தெரியலைன்னு போட்டா மானம் போகும்னு இதுக்குத்தான் பயந்தேன்."

"திரும்ப வந்து அதை யாருகிட்ட கேக்குறாங்க அண்ணாச்சி?"

துரைசிங்கம் பொத்தியிருந்த கையை மெதுவா எடுத்துட்டு, போனைக் காதுல வச்சாரு.