முத்துப்பேச்சி தட்டு மாற்றியது

ஆளில்லாத கப்பல் ஒன்று மூடுபனியோடு பவளத்துறைக்குள் வந்து நின்றது. உள்ளே பட்டும் மிளகும் குவிந்து கிடந்தன. ஆனால் ஏறியவர்கள் எல்லாம் வெளிறிப்போய் இறங்கினார்கள். செத்தவர்கள் மூவர் அங்கே வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

“நிறைய விற்று, குறைய வாங்கி, பொன் சேர்க்கும் நாடுதான் வாழும்” என்றது கப்பல் தலைவன் இருக்கையிலிருந்து ஒரு குரல்.

“தடையில்லாமல் விற்று வாங்கினால் இரண்டு கரையும் வாழும்” என்றது சரக்கறையில் வணிகன் குரல்.

“எங்க முதுகு ஒடிஞ்சுதான் அவங்க வாழறாங்க” என்றது துடுப்படியில் துடுப்புக்காரன் குரல்.

துறையதிகாரி அச்சுதராயருக்கோ சரக்கின் மேல் கண். தராசு பிடிக்கும் முத்துப்பேச்சியைக் கூப்பிட்டார். “எது சரியென்று தீர்த்துவிட்டு வா. இல்லையென்றால் அங்கேயே கிட.”

அவள் ஏறினாள். “கள்ளத் தராசுக்குப் பயந்து, எங்க துறையில தட்டை மாத்தி மறுபடி நிறுக்காம எந்த எடையையும் ஒத்துக்க மாட்டோம். நீங்களும் இடம் மாறி உட்காந்து சொல்லுங்க.”

பலகைகள் கிறீச்சிட்டன. துடுப்படிக்கு வந்த தலைவன், “முதுகு ஒடியுதே” என்றான். சரக்கறைக்குப் போன துடுப்புக்காரன் தடையற்ற வாணிபம் பேசினான். தலைவன் இருக்கையில் வணிகன் பொன், பொன் என்றான். தங்கள் பேச்சைத் தாங்களே கேட்டு மூவரும் அடங்கிப்போனார்கள்.

சத்தம் நின்றதும் ராயர் ஓடிவந்து ஏறித் தலைவன் இருக்கையில் உட்கார்ந்தார். “பொன் சேர்ப்பதுதான் சரி. இனி எல்லாம் என் சரக்கு.”

“ஐயா, நீங்க இன்னும் தட்டு மாத்தலையே” என்று சொல்லிவிட்டு இறங்கினாள் முத்துப்பேச்சி.

கப்பல் தானாக நகர்ந்தது. பனிக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம் கேட்டது. கூடவே ராயர் குரலும்.

“இழுக்கிறவனுக்குப் பங்கு கிடையாதா?”