ஓடக்காரர் சொன்னால் உட்கார்ந்த அரசர்கள்

முன்னொரு காலத்தில், சயாம் பக்கம் ஒரு பெரிய ஆற்றங்கரையில் சாயன் என்றொரு மன்னர் புது நகரம் கட்டினார். மதில் எழும்பியது, கோபுரம் எழும்பியது, மன்னருக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. காரணம் நகரத்தூண். அதை நடும்போது நகரம் கண்டவரின் வம்சத்தை ஒருவர் குழிக்குள் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். தலைக்கு மேலே தேக்குத்தூண் கயிற்றில் தொங்கும். பொய் சொன்னால் கயிறு அறும் என்பது அந்த நாட்டு நம்பிக்கை.

மன்னரின் பாட்டனார் யானைப்பாகன், முப்பாட்டனார் ஓடக்காரர். ஊர் முழுக்கத் தெரியும். மன்னரின் காதுக்கு எட்டும் தூரத்தில் மட்டும் யாருக்கும் தெரியாது.

"அரண்மனை விகடன் பூன்மாவையே இறக்கலாம், பிரபு," என்றார் அமைச்சர் விசித். பூன்மா மேல் அவருக்குப் பல நாள் வயிற்றெரிச்சல். "பொய் கலக்கக் கூடாது. தங்கள் பெருமைக்குக் குறைவு வந்தாலோ, தலை போகும்."

மன்னரும் தலையாட்டிவிட்டார்.

நல்ல நாளில் மழையும் பெய்து வைத்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கினான் பூன்மா. மேலே கயிறு முறுகிக் கிறீச்சிட்டது. பொய் சொன்னால் தூண், உண்மை சொன்னால் வாள். குடைக்காரன் பின்னாலேயே ஓட, மன்னர் குழியைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"மன்னரின் முப்பாட்டனார் இதே ஆற்றில் வாழ்ந்தவர். அவர் 'உட்காருங்கள்' என்றால் மூன்று நாட்டு அரசர்களும் உட்கார்ந்தார்கள். 'இறங்குங்கள்' என்னும்வரை ஒருவரும் இறங்கியதில்லை."

மன்னரின் நடை நின்றது.

"போருக்குப் புறப்பட்டால் பாட்டனார்தான் முன்னால். அன்றைய அரசர் அவர் முதுகைப் பார்த்தபடியே பின்னால் போனார். தந்தையார் சேனாபதி. அதை நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்?"

"தொழிலைச் சொல்லச் சொல்லுங்கள், பிரபு," என்று குறுக்கே விழுந்தார் விசித்.

"சொன்னதில் பொய் இருந்தால் அமைச்சர் திருத்தட்டும். தம் வம்சம் வானத்திலிருந்து வந்தது என்று தினமும் சொல்கிறாரே, இங்கே இறங்கி நின்று அதையும் ஒருமுறை சொல்லட்டும். தூண் தயாராகத்தான் இருக்கிறது."

விசித் தூணை அண்ணாந்து பார்த்தார். தண்ணீரைக் குனிந்து பார்த்தார்.

"எனக்கு இரண்டு நாளாகச் சளி," என்றார்.

மன்னர் சிரித்த சிரிப்பில் குடை ஆடியது. தாமே கைகொடுத்துப் பூன்மாவை மேலே தூக்கி, தம் பொன் வெற்றிலைப்பெட்டியை அவனுடைய ஈரக்கையில் வைத்தார். தூணும் கோணாமல் இறங்கியது.

அன்று மாலை அரசப் படகில் ஏறிய மன்னர் உட்காராமலே நின்றாராம். துடுப்புக்காரன் துடுப்பைப் போட்டுவிட்டுக் கும்பிட்டான்.

"என்னப்பா, நீ சொன்னால்தானே நான் உட்கார முடியும்?" என்றார் மன்னர்.