பன்னீர்க் கொடியும் கவாத்துக் கத்திரியும்

முன்னொரு சமயம், நாகப்பட்டினத்தில் கடற்காற்று யாரையும் கேட்காமல் உள்ளே நுழையும் ஒரு வீட்டின் கொல்லையில், பன்னீர்த் திராட்சைக் கொடி ஒன்று வாழ்ந்தது. பிறந்த ஊர் கம்பம். வந்து மூன்று வருடம் ஆகியும், மனத்தளவில் அது இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

அதைக் கொண்டுவந்தவள் அந்த வீட்டு ஈஸ்வரி. அவளுக்கும் கம்பம்தான் ஊர். நீலமேகத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், முதல் பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, அண்ணன் கொடுத்த குச்சி ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். குச்சி பிழைத்தது. இரும்புக் குழாய் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டுக் கொடுத்தாள். கொடி பந்தலை மூடிக்கொண்டது. இலைமேல் இலை, அதன்மேல் இன்னும் இலை. ஆனால் பூவும் பிஞ்சும் மருந்துக்குக்கூட இல்லை.

பந்தலின் ஓரத்தில் புடலை ஒன்று படர்ந்திருந்தது. அதற்கு வாய் சற்று நீளம், காயைப் போலவே.

"நான் வந்து ரெண்டு மாசம் ஆவல. அதுக்குள்ள அஞ்சு கூட்டு வச்சாச்சு என்னை வச்சு. நீ மூணு வருசமா என்ன செஞ்சே?" என்று கேட்டது புடலை.

"எங்க ஊர்ல..." என்று தொடங்கியது கொடி.

"ஆரம்பிச்சிட்டியா."

கொடி ஆரம்பித்துவிட்டது. சாயங்காலமானால் மலையிலிருந்து இறங்கும் காற்று. அதில் உப்பு இருக்காது, பிசுபிசுப்பு இருக்காது. வரிசை வரிசையாகப் பந்தல்கள். தாய்க்கொடியான அம்மாவின் பந்தலில் தலை இடிக்கும் அளவுக்குக் கறுத்துத் தொங்கும் குலைகள். கீழே குனிந்து பழம் பறிக்கும் பெண்கள், அவர்கள் ஓயாமல் பேசும் மாமியார் கதைகள், பெட்டியில் குலையை வைக்கும்போது எழும் அந்தப் பன்னீர் வாசம். சொல்லச் சொல்லக் கொடிக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இலையும் குலையுமாக நின்ற அம்மாதான் அதன் கண்ணுக்குள் எப்போதும் நின்றாள்.

அதனால்தான் அது ஓர் இலையைக்கூட விடுவதில்லை. ஒவ்வோர் இலைக்குள்ளும் ஊரின் ஒரு மாலைப்பொழுதைச் சுருட்டி வைத்திருந்தது. இலை பழுத்தாலும் விடாது, சுருள் விரல்களால் கம்பியோடு சேர்த்து இறுக்கிக்கொள்ளும். கடற்கரை ஊரின் புழுக்கம் அந்த அடர்த்திக்குள் புகுந்து வெளியே போக வழி தெரியாமல் உட்கார்ந்துகொண்டது. பழைய இலைகளில் சாம்பல் தூவிய மாதிரி நோய் பூத்தது. ஈஸ்வரி புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துப் பார்த்தாள். கொஞ்ச நாள் அடங்கும், பிறகு மறுபடி பூக்கும்.

திராட்சைத் தோட்டத்து வீட்டில் பிறந்தவளுக்குக் கொடியைக் காய்க்க வைக்கத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. ஈஸ்வரி படித்ததெல்லாம் மதுரையில், ஹாஸ்டலில். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது தோட்டம் அறுவடையில் இருக்கும். கிளை வெட்டும் கவாத்து நடக்கும் மாதத்தில் அவள் தோட்டத்துப் பக்கம் போனதே இல்லை. அவளுடைய கண்ணுக்குள்ளும் இலையும் குலையும்தான்.

நீலமேகத்துக்குப் பொறுமை போய்விட்டது. "என் வண்டி உப்புக் காத்துல அரிச்சுப்போயி நிக்கிது. இந்தப் பந்தலப் பிரிச்சிட்டு ஒரு தகரக் கொட்டாய் போட்டா வண்டியாவது பொழைக்கும். தை பொறக்கட்டும், வேரோட எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டான்.

தை பிறந்தது. ஈஸ்வரியின் அண்ணன் ராசாங்கம் பொங்கல் சீர் கொண்டுவந்தான். கரும்பு, மஞ்சள் கொத்து, பித்தளைப் பானை, பூவன் பழத்தார். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, துணியில் சுற்றிய ஒரு கவாத்துக் கத்திரியை எடுத்தான்.

"சீரோட கத்திரியா கொண்டாருவாக? ஆகாதுண்ணே" என்றாள் ஈஸ்வரி.

"அப்ப சீர்ல சேக்காத. பந்தலுக்குன்னு வச்சுக்க. இம்புட்டு எலைய ஏத்தி வச்சுக்கிட்டு, காய்க்கலன்னு போன்ல அழுதா எப்பிடி? அம்புட்டையும் வெட்டி வுடு தாயி."

"பச்சைய வெட்ட எனக்குக் கை வராது. ஊரையே வெட்டுற மாதிரி இருக்கு."

ராசாங்கம் கத்திரியைப் பந்தல் குழாயில் மாட்டிவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.

கொடி தன் சுருள் விரல்களைக் கம்பியில் இன்னும் இறுக்கிக்கொண்டது.

"ஒன்னய எனக்குத் தெரியும்" என்றது கத்திரி.

"எனக்குத் தெரியாது."

"தெரியாம என்ன? ஒங்கம்மாகிட்டருந்து ஒன்னய வெட்டுனதே நாந்தான்."

கொடிக்கு ஆத்திரம் பொங்கியது. திட்ட வேண்டும் என்றுதான் வாயெடுத்தது. ஆனால் ஊரிலிருந்து வந்தவனைப் பார்த்தால் வேறென்ன கேட்கத் தோன்றும்?

"அம்மா எப்பிடி இருக்கா?"

"மொட்டையா இருக்கா. வெட்டிப் பத்து நாளாச்சு."

"அவள என்ன செஞ்ச நீ?"

"புதுசா ஒண்ணுஞ் செய்யல. வருசத்துக்கு ரெண்டு தடவ செய்யிறதுதான். ஒன்னய எடுத்த அன்னிக்கும் அவ மொட்டதான். நீ அசந்து தூங்கிட்ட, பாக்கல."

"பொய். எங்கம்மா இலையும் குலையுமா இருப்பா."

"இருப்பா, சித்திரையில. தையில பாத்தா ஒனக்கு அடையாளந் தெரியாது. வெட்டுன பொறகு வர்ற துளிர்லதான் பூவே வரும். பழைய எலைய கட்டிக்கிட்டு நின்னா, எலதான் மிஞ்சும்."

கொடி தன் இலைகளை ஒரு தரம் பார்த்துக்கொண்டது.

"அவளுக்கு வலிக்குமா?"

"வலிக்கும்போல. வெட்டுன எடத்துல சொட்டுச் சொட்டா தண்ணி விடுவா."

"என் நெனப்பு இருக்குமா அவளுக்கு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் வெட்டுறவன்" என்றது கத்திரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீலமேகம் கடப்பாரையோடு கொல்லைக்கு வந்தான். ஈஸ்வரி கொடியின் அடிமரத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"சித்திர வரைக்கும் தவண குடுங்க. காய்க்கலன்னா நானே கடப்பாரைய எடுத்துத் தர்றேன்."

"இதுவரைக்கும் காய்க்காததா இனிமே காய்க்கப் போவுது?"

அவள் கத்திரியை எடுத்தாள். முதல் கிளையைப் பிடித்தாள். கொடியின் சுருள் விரல் ஒன்று வழக்கம்போல அவள் வளையலைச் சுற்றிக்கொண்டது. இதற்கு முன் சாம்பல் பூத்த கிளைகளைக் கழிக்க வந்தபோதும் இரண்டு முறை அப்படித்தான் அவள் மனம் இளகி அரிவாளைக் கீழே போட்டிருக்கிறாள். இந்த முறை கொடி தானே அந்த விரலை விட்டுவிட்டது.

"வெட்டு" என்றது கத்திரியிடம்.

மலைக்காற்று விழுந்தது. பழம் பறித்த பெண்களின் பேச்சு விழுந்தது. பன்னீர் வாசம் வைத்திருந்த இலை எதுவென்று கொடிக்கே தெரியவில்லை, அதுவும் அந்தக் குவியலில்தான் விழுந்தது. ஈஸ்வரி அழுதுகொண்டே வெட்டினாள். கடைசியில் பந்தலின் மேல் நாலைந்து பழுப்புக் குச்சிகள் மட்டும் கிடந்தன. வெயில் மூன்று வருடத்துக்குப் பிறகு தரைக்கு வந்தது.

"துணி காயப் போடலாம்போல இருக்கு" என்றான் நீலமேகம். ஆனாலும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெட்டுவாயெல்லாம் தண்ணீர் சொட்டியது.

பதினாலாம் நாள் ஒரு கணு பருத்தது. அடுத்த வாரம் துளிர் வந்தது, துளிரோடு கடுகுக் கொத்துபோல ஒன்று வந்தது. கொடி அதை இலையென்று நினைத்து இறுக்கப் போனது. பூ என்று தெரிந்ததும் அதற்குச் சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை. சித்திரையில் ஒன்பது குலைகள் கறுத்தன. இரண்டைக் கொண்டைக்குருவி முடித்துவிட்டது. மிச்சம் ஏழு.

நீலமேகம் ஒரு பழத்தை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தான். "புளிக்கிது" என்றான். பிறகு இன்னொன்றைப் பறித்தான். வண்டிக்கு மறுநாள் தார்ப்பாய் வாங்கிவந்தான்.

ஈஸ்வரியும் தின்றாள். தோல் தடித்திருந்தது. ஊர்ப் பழத்தின் இனிப்பு இல்லை. "நம்ம ஊர்ப் பழம் மாதிரி இல்லியே" என்றவள், கொஞ்சம் யோசித்து, "இது இந்த ஊர்ப் பழம்" என்றாள். கொடிக்கு அன்றுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிய மாதிரி இருந்தது.

ஆனியில் மறுபடி கவாத்து. இந்த முறை யாரும் அழவில்லை. அடுத்த வீட்டு ரஹ்மத் முத்துப்பேட்டையில் இருக்கும் தன் மகள் வீட்டுக்கென்று ஒரு குச்சி கேட்டாள். ஈஸ்வரி நல்ல கணுவாகப் பார்த்துக் கொடுத்தாள். ரஹ்மத் அதை நனைத்த செய்தித்தாளில் சுற்றினாள்.

குச்சிக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. "அம்மா, எங்கம்மா சித்திரையில எப்பிடி இருந்தான்னு அங்க எல்லாருக்கும் சொல்லுவேன்" என்றது தூக்கத்திலேயே.

என்னை இப்போது ஒரு தரம் பார்த்துவிட்டுப் போ என்று சொல்ல நினைத்தது கொடி. குச்சி அதற்குள் அசந்து தூங்கிவிட்டது. எழுப்ப மனம் வரவில்லை.

ரஹ்மத் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். கையசைத்து வழியனுப்பக் கொடியிடம் ஓர் இலைகூட இல்லை.