அரசர் கேளாமல்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றும் யாராவது கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு நாட்டில், ஓர் அரசர் தம் பெயரில் பெரிய ஏரி ஒன்று வெட்டுவித்தார். வேலையை முன்நின்று முடித்தவர் அமைச்சர் விழுப்பரையர். தலைநகரின் கல்விச்சாலையில் நீர்நூல் கற்பித்த திருவெண்காடர், அதன் வடமேற்குக் கரை முதல் பெருமழைக்கே உடையும் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டார். காலையில் சொன்னது மதியத்துக்குள் அரண்மனைக்கு வந்து சேர்ந்தது.

"நம் மானியத்தில் உண்டு நம் ஏரியைப் பழிப்பதா?" என்றார் அரசர். "இனி நம்மைக் கேளாமல் அங்கே ஒரு சொல்லும் கற்பிக்கக் கூடாது. மீறினால் நாக்கை அறுங்கள்."

விழுப்பரையர், அவையின் ஓரத்தில் நின்ற விகடக்காரி பூவியைப் பார்த்தார். அரசர் தம்மைவிட அவள் பேச்சுக்கு அதிகம் முகம் மலர்வது அவருக்குப் பொறுக்காது. ஆணையைப் பூவியே எழுதட்டும், கல்விச்சாலைக்கு அவளே காவல் இருக்கட்டும், மீறல் நடந்தால் அவள் நாக்கும் போகட்டும் என்று பணிவாக யோசனை சொன்னார். அரசர் தலையசைத்தார்.

பூவிக்குச் சோறு போடுவது அந்த நாக்குதான். பிறரைச் சிரிக்க வைக்கும்போதெல்லாம் அது போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு உண்டு. அன்று அந்தப் பயத்தோடேயே ஓலையில் எழுதினாள். 'அரசரைக் கேளாமல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அரசர் கேளாமல்' என்று விழுந்தது. அவசரத்தில் விட்டுப்போனதா, வேண்டுமென்றே விட்டாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. அரசர் படிக்காமலே முத்திரை வைத்தார்.

மறுநாளிலிருந்து கல்விச்சாலை ஊமையானது. எழுபது மாணவர்களும் ஆசிரியரும் வாய்மூடி எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் நாள் மேற்கே கருமேகம் தெரிந்தது. அந்த அமைதி அரசருக்கும் உறுத்தத் தொடங்கியது. ஏன் எவரும் அனுமதி கேட்டு வரவில்லை என்று பூவியிடம் விசாரித்தார்.

"தாங்கள் வருவதற்காகக் காத்திருக்கிறார்கள், அரசே. அரசர் கேளாமல் கற்பிக்கக் கூடாது என்பது ஆணை. தாங்கள் வந்து காதால் கேட்டால்தானே அவர்கள் வாய் திறக்கலாம்?"

"அனுமதி கேட்பதைத்தான் சொன்னார் அரசர்," என்று விழுப்பரையர் சீறினார். "இவள் எழுத்தைத் தின்றுவிட்டாள்."

"முத்திரை அரசருடையது. படிக்காமலா வைத்திருப்பார், அமைச்சரே?"

படிக்கவில்லை என்று எந்த அரசர் ஒப்புக்கொள்வார்? அரசர் எழுந்து கல்விச்சாலைக்கு நடந்தார். அவை முழுவதும் பின்னால் போயிற்று.

கல்விச்சாலையில் பாயில் அமர்ந்து, ஏரி உடையும் என்பது எப்படித் தெரியும் என்று கேட்டார். திருவெண்காடரின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் பழைய செருக்கு போகவில்லை. கற்றவர் சொன்னால் மற்றவர் ஏற்பதே வழக்கம், வெளியாருக்குக் காரணம் காட்டும் பழக்கம் இங்கே இல்லை என்றார். அரசரின் விரல்கள் வாளுறையைத் தட்டத் தொடங்கின.

இவருடைய வீம்பால் தன் நாக்கும் போகப்போகிறதே என்று பூவிக்குப் பயத்தையும் மீறிக் கோபம் வந்தது. ஆசிரியரின் காதருகே குனிந்தாள்.

"கேட்டா காட்டணும் ஐயா. அவரு படி அளக்குறாருங்கறதுக்காக இல்ல. கரைக்குக் கீழ பதினோரு ஊரு புள்ளகுட்டியோட இருக்கு."

"காட்டினா அறுத்துடுவாரும்மா."

"காட்டலேன்னாலும் அறுப்பாரு. அப்புறம் கரையும் உடையும்."

ஆசிரியர் எழுந்தார். ஏரிக்கரையிலிருந்து எடுத்து வைத்திருந்த மண்ணை ஒரு மரத்தொட்டியில் குழைத்து, அதே வளைவில் சிறிய கரை கட்டினார். செம்பு செம்பாக நீர் ஊற்றினார். ஏழு செம்புக்கும் கரை நின்றது.

"மழைக்கு உங்கள் பாடம் தெரியாதோ என்னவோ, ஆசிரியரே," என்றார் விழுப்பரையர்.

எட்டாவது செம்பில் வடமேற்கு மூலை கரைந்து சரிந்தது. நீர் தொட்டியிலிருந்து வழிந்து, அரசரின் பாய்க்கடியில் ஓடி, அவர் பட்டாடையை நனைத்தது. பூவி நாக்கைப் பற்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அரசர் நனைந்த பட்டாடையைக் கையால் பிழிந்தார். பிறகு, மழைக்குமுன் அந்தக் கரையைப் பலப்படுத்த வேண்டும், முதல் கூடை மண்ணை விழுப்பரையரே சுமக்க வேண்டும் என்று ஆணையிட்டார்.

"இங்கே என்ன கற்பிப்பது என்று இனி நாம் சொல்ல மாட்டோம். ஆனால் கேட்போம். நாம் மட்டுமல்ல, கரைக்குக் கீழே வாழும் எவர் வந்து கேட்டாலும் இப்படிக் காட்ட வேண்டும். கற்றவர் சொன்னார் என்ற பதில் செல்லாது."

திருவெண்காடர் தலைவணங்கினார். அரசர் பூவியின் பக்கம் திரும்பினார்.

"நாம் சினந்திருந்தால் அடுத்து என்ன தந்திரம் வைத்திருந்தாய்?"

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவளிடம் வேடிக்கை ஒன்றும் மிச்சமில்லை.

"ஒன்றுமில்லை, அரசே. பயந்துகொண்டிருந்தேன்."

இத்தனை வருடங்களில் அவள் சொன்னதிலேயே இதுதான் பெரிய விகடம் என்று அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து அவையோரும் சிரித்தார்கள். தம் முத்துமாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். வீடு போய்ச் சேரும்வரை அந்த முத்துகள் அவள் மார்பின் மேல் ஒன்றோடொன்று மோதிச் சலசலத்துக்கொண்டே இருந்தன.